ஐம்பது பேர்

நௌரின் விடாமல் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். கம்ப்யூட்டருக்கு இன்னும் கரண்ட் கொடுக்கவில்லை.

மட்டாஞ்சேரி காயலோரத்துப் பழைய மிளகுக் கிடங்கை நகரசபை இந்தக் கம்பெனிக்கு முப்பது வருஷக் குத்தகைக்கு விட்டிருந்தது. மாச வாடகைக்கு இரண்டு சாயா குடிக்கலாம். பழம்பொரி சேர்த்தால் துண்டு விழும்.

பதிலுக்குக் கம்பெனி ஊர்க்காரர்கள் ஐம்பது பேருக்கு வேலை தரவேண்டும். தந்திருக்கிறதா என்று பார்க்க இன்று அதிகாரிகள் வருகிறார்கள்.

ஆகவே இன்று காலை ஐம்பது பேர் வந்துவிட்டார்கள். கல்யாணங்களுக்குப் பரிமாற ஆள் அனுப்பும் தோப்பும்படிக்கார அழகர்தான் வேனில் கூட்டி வந்தார். அரை நாள் கூலி.

"ஆபீசருங்க வந்தா யாரும் எழுந்து நின்னு சிரிக்க வேண்டா, கேட்டோ? இது பந்தி இல்ல," என்றார் அழகர்.

நௌரினுக்கு அந்தச் சுழல் நாற்காலி பிடித்துப்போயிற்று. பி.காம். முடித்து மூன்று வருஷம். இதே கம்பெனிக்கு நான்கு முறை விண்ணப்பம் அனுப்பியிருந்தாள். ஐந்தாவது கைப்பையில் இருந்தது. அரை நாள்தான் என்று தெரிந்தும் மத்தியானச் சோறு கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

அதிகாரிகள் வந்தார்கள். தலைகளை எண்ணினார்கள். கண்ணாடி அறையில் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருந்த மேனேஜர் ஹரிஷங்கரையும் சேர்த்ததில் ஐம்பது சரியாக வந்தது. அவரோடு கை குலுக்கிவிட்டுப் போனார்கள்.

மற்றவர்கள் வேனுக்கு ஓடினார்கள். நௌரின் கண்ணாடிக் கதவைத் தட்டினாள்.

"சார், நான் நாளைக்கும் வரட்டுமா?"

ஹரிஷங்கர் அவள் நீட்டிய விண்ணப்பத்தை வாங்கினார். நரைத்த மீசையைத் தடவியபடி கடைசி வரி வரை படித்தார். அதை யாரும் அவ்வளவு மெதுவாகப் படித்ததில்லை.

"நல்ல மார்க்காக்கும் மோளே. எப்போ ஜாயின் பண்ணுவே?"

"இப்பவே, சார்."

வெளியே வேன் ஹார்ன் அடித்தது. அழகர் கதவைத் தள்ளி எட்டிப் பார்த்தார்.

"ஹரிஷங்கர் சேட்டா, கோட்டைக் கழட்டுங்க. சாயங்காலம் ஆலுவாவுல மாப்பிள்ளைக்கு வேணும்."

ஹரிஷங்கர் கழற்றிக் கொடுத்தார். உள்ளே சட்டைப் பையில், நான்காக மடித்த ஒரு வேலை விண்ணப்பம் வியர்வையில் ஒட்டிக் கிடந்தது.

"ஆபீசர்கிட்ட கொடுக்கலாம்னு கொண்டுவந்தேன்," என்றார் நௌரினிடம். "கை குலுக்கறச்சே தைரியம் வரலை."