ஜப்பான்காரர் கட்சி

பஸ்ஸை விட்டு இறங்கியதும் யூசுப் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். சிங்காரவேலு போன மாதம் போட்ட கடிதம் பத்திரமாக இருந்தது. 'லீவுல வந்தா எங்க ஊருக்கெல்லாம் அலையாதே. நானே அதிராம்பட்டினம் வர்றேன்' என்று எழுதியிருந்தான். சொல்லாமல் போய் வாசலில் நின்றால் அவன் முகம் போகிற போக்கைப் பார்க்கவேண்டும் என்றுதான் யூசுப் நீடாமங்கலத்தில் பஸ் மாறி வந்திருந்தார்.

டீக்கடையில் கேபிள் டி.வி. அலறிக்கொண்டிருந்தது. ஓரமாகச் சைக்கிளை நிறுத்திவிட்டுத் தபால்காரர் கடிதங்களைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

"சிங்காரவேலு வாத்தியார் வீடு எதுங்க? துபாய்லேர்ந்து வர்றேன். யூசுப்னு பேரு."

தபால்காரர் நிமிர்ந்தார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்த ஓட்டு வீட்டைக் கையால் காட்டினார். "மருதையண்ணே, டீ ஆறுது" என்று கடைக்காரர் சொன்னது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

யூசுப் மதகைத் தாண்டி நடந்தார். தஞ்சாவூரில் திரைப்படச் சங்கத்தில்தான் இருவருக்கும் பழக்கம். மாதம் ஒரு படம். முடிந்ததும் பஸ் ஸ்டாண்டு வரை சண்டை. சிங்காரவேலு வங்காளத்துக்காரர் கட்சி, யூசுப் ஜப்பான்காரர் கட்சி. எந்த இயக்குநர் பெரியவர் என்பது கடைசி பஸ்ஸிலும் தீராது.

துபாயில் யூசுப்புக்கு வீடியோ கடை வேலை கிடைத்தபின் சண்டை தபாலில் நடந்தது. மாதம் ஒரு பழைய படத்தைத் தேடிப் பிடித்து, கேசட்டைப் பார்சல் கட்டி அனுப்புவார். பார்த்துவிட்டு அவன் நாலு பக்கம் எழுதுவான்.

மூன்று வருஷத்துக்கு முன் சைக்கிளிலிருந்து விழுந்து கை பிசகிவிட்டதாக எழுதினான். அதிலிருந்து எழுத்து கோணல். ஆனால் படம் பார்க்கிற கண் திறந்துகொண்டதுபோல் இருந்தது. முன்பெல்லாம் கீழே ஓடும் இங்கிலீஷ் வசனங்களை வரிக்கு வரி எடுத்து எழுதுவான். இப்போது அதைப் பற்றிப் பேச்சே கிடையாது. ஒரு கிழவன் மழையில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பதைப் பற்றி மட்டும் இரண்டு பக்கம். கடைசியில், 'ஜப்பான்காரர்தாண்டா' என்று ஒப்புக்கொண்டும் விட்டான். எட்டுப் பேர் தங்கிய அறையில் அந்தக் கடிதங்கள்தான் யூசுப்புக்கு ஊர், வீடு எல்லாம்.

கதவைத் திறந்தது அவன் மனைவி கலைமகள்.

"சிங்காரவேலு இல்லையாம்மா? நான் யூசுப்."

அவள் கதவை அகலத் திறந்துவிட்டாள். "உள்ள வாங்கண்ணே."

சுவரில் சிங்காரவேலுவின் படம். பிளாஸ்டிக் மாலை வெளுத்துப்போயிருந்தது.

"மஞ்சக்காமாலைண்ணே. பதினோரு நாள்ல முடிஞ்சுபோச்சு. வர்ற மாசியோட மூணு வருஷம்." முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டாள். "உங்களுக்கு எழுதிப் போடச் சொன்னேனே, வரலையா?"

"வரலம்மா."

அவள் டீ கொடுத்தாள். யூசுப் குடித்தார். சர்க்கரை அதிகம் என்பது தெரிந்தது. காலண்டரில் நாலைந்து நாள் தாள் கிழிக்காமல் இருந்தது தெரிந்தது. வேறு ஒன்றும் தெரியவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டதுபோல் உடம்பு முழுக்க மரத்திருந்தது.

ஏதாவது கேட்கவேண்டும் என்பதற்காகக் கேட்டார். "கேசட்டெல்லாம்...?"

அவள் பீரோவைத் திறந்தாள். வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் சிங்காரவேலுவின் குண்டு எழுத்தில் படத்தின் பெயர், இயக்குநர் பெயர், பார்த்த தேதி. கடைசிக் கேசட்டில் தேதி இல்லை.

"இதுக்கப்புறம் எதுவும் வரலண்ணே. எடுத்துக்கிட்டுப் போங்க. டி.வி., டெக்கையெல்லாம் அப்பவே குடுத்துட்டேன். எனக்கு அதெல்லாம் பாக்க வராது."

யூசுப் அந்த வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் முப்பதுக்கு மேல் அனுப்பியிருந்தார். முப்பதுக்கும் பதில் வந்திருந்தது. சட்டைப் பையிலிருந்த கடிதம் வெளியே தெரிகிறதோ என்று கையை வைத்து மறைத்துக்கொண்டார்.

செத்துப்போனவன் பெயரில் யாரோ தன்னை மூன்று வருஷம் ஏய்த்திருக்கிறார்கள். கோபம் வரவேண்டும். வரவில்லை. நண்பனுக்காகவாவது அழவேண்டும். அதுவும் வரவில்லை.

"இன்னொரு நாள் வந்து எடுத்துக்கறேம்மா" என்று எழுந்தார்.

பஸ் நிறுத்தத்தில் ஆள் இல்லை. அறுப்பு முடிந்த வயலில் நெல் தாள்களுக்கு நடுவே உளுந்து பச்சை பிடித்திருந்தது. இனி மாதக் கடைசியில் யாருக்கு என்ன பார்சல் கட்டுவது என்று நினைத்தார். நினைப்பும் அதோடு நின்றுவிட்டது.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தபால்காரர் மருதையன் வந்தார். பையில் கடிதங்கள் அப்படியே இருந்தன. ஒரு வீட்டுக்கும் அவர் போகவில்லை போலிருக்கிறது.

"பஸ்ஸு நாலரைக்குத்தாங்க."

யூசுப் தலையாட்டினார்.

மருதையன் நகரவில்லை. பெல்லைக் கட்டைவிரலால் துடைத்துக்கொண்டே நின்றார். தொண்டையைச் செருமினார். நிமிராமலே, மெல்லச் சொன்னார்.

"போன மாசம் நான் போட்ட லெட்டருக்கு நீங்க இன்னும் பதில் எழுதலீங்களே, சார்."