நிமிர்ந்துவிட்ட எண்ணெய்

மார்கழிக் குளிரில் நெய் அசையாமல் உறைந்து நிற்பதைப் பார்த்துப் பார்த்துக் கடலை எண்ணெய்க்கு மனசு ஆறவில்லை.

"எனக்கு மட்டும் ஏண்ணே இந்த ஓட்டம்?" என்று கேட்டது.

"உன் அணுச் சங்கிலியில அங்கங்க வளைவு இருக்கு தம்பி. நெருங்கிப் படுக்க விடாது. என்னுதுல பாதிக்கு மேல நேரானது," என்றது நெய்.

கடலை எண்ணெய் ஆலைக்குப் போனது. ஹைட்ரஜனைக் குடித்து, வளைவுகளை ஒன்றுவிடாமல் நிமிர்த்திக்கொண்டு, வெள்ளை வனஸ்பதியாகத் திரும்பி வந்தது.

அன்று மாலை இருவரையும் ஆளுக்கோர் அகல்விளக்கில் இட்டுத் திரி கொளுத்தினார்கள். சூடு பட்டதும் நெய் இளகித் தன் திரியை நோக்கி ஓடியது. வனஸ்பதி அப்படியே நின்றது.

"கொஞ்சம் வாயேன், தாங்க முடியல," என்று கெஞ்சியது அதன் திரி.

வனஸ்பதிக்கும் போக ஆசைதான். வளைந்துகொடுக்க உடம்பில் ஓர் இடம் தேடியது. தேடிக்கொண்டிருக்கும்போதே திரி கருகிவிட்டது.