கடைக்குட்டியின் சுறுசுறுப்பு

“கடைக்குட்டிதான் சார் இன்னிக்கு நம்ம மானத்தைக் காப்பாத்தினான்!” என்றான் தலைமை அலுவலகத்துக் கம்ப்யூட்டர்க்காரன், மானேஜரிடம். கிடங்கில் தீப்பிடித்த சேதி பரவியதும், ‘உள்ளே எத்தனை பேர்?’ என்று எல்லாக் கிளை அதிகாரிகளும் ஒரே நேரத்தில் ரிப்போர்ட் கேட்டிருந்தார்கள்.

தலைமை அலுவலகமோ கிடங்கோ, வரும்போது வாசலில் கார்டைத் தேய்த்தால் ‘உள்ளே’. போகும்போது தேய்த்தால் ‘வெளியே’. அந்தத் தகவலை மூன்று சர்வர் கம்ப்யூட்டர்கள் தனித்தனியாக நகலெடுத்து வைத்திருக்கும். கல்யாணமாகாத குறைக்கு அவற்றுக்கு மூத்தவன், நடுவுலவன், கடைக்குட்டி என்று பெயர் வைத்திருந்தான் கம்ப்யூட்டர்க்காரன். எவன் கை ஓய்ந்திருக்கிறதோ அவனிடம் கேள்வியை அனுப்பும் ஏற்பாடும் அவன் எழுதியதுதான்.

மூத்தவனும் நடுவுலவனும் காலையிலிருந்து புதுத் தகவலை நகலெடுத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். கடைக்குட்டிக்கு அந்தத் தொல்லையே இல்லை; நேற்று ராத்திரியிலிருந்து சும்மாதான் இருந்தான். கேள்வியெல்லாம் அவனிடம் போனது. கேட்ட மாத்திரத்தில் பதில் வந்தது. கிடங்கில் யாரும் இல்லை.

மானேஜர் போனில் தீயணைப்பு அதிகாரியிடம் கத்தினார். “உள்ள ஒருத்தரும் இல்ல சார்! லைவ் ரிப்போர்ட்!”

“நல்லதாப் போச்சு. அப்ப ஆளை உள்ள அனுப்பல. வெளியிலேருந்தே தண்ணி அடிக்கிறோம்.”

கம்ப்யூட்டர்க்காரனின் செல்போன் அலறியது. தங்கை. அவள் கணவன் அந்தக் கிடங்கில்தான் சரக்கு ஏற்றும் வண்டி ஓட்டுகிறான்.

“அண்ணா, அவரு போனே எடுக்க மாட்டேங்கிறாரு...”

மாப்பிள்ளையின் பெயரைத் தட்டினான். ‘வெளியே.’

“அழாதம்மா. மாப்பிள்ள வெளியதான் இருக்காரு. ஓடின ஓட்டத்துல செருப்பையே விட்டிருப்பாரு, போன் என்ன பெருசு?”

அழுகைக்கு நடுவே அவள் சிரித்துவிட்டாள். அதைக் கேட்டு மானேஜருக்கும் உயிர் வந்தது.

“எங்க, உன் பேரையும் போடுப்பா. நீ இன்னிக்கு வேலைக்கு வந்திருக்கியான்னு பாத்துடுவோம்!”

காலையில் கார்டைத் தேய்த்துவிட்டு வந்து உட்கார்ந்தவன், அதே நாற்காலியில் நிமிர்ந்து, சிரித்துக்கொண்டே தட்டினான். சிரிப்பு பாதியில் நின்றது. தங்கை இன்னும் லைனில் இருந்தாள்.

“சார்... என்னையும் வெளியன்னுதான் காட்டுது.”