வீட்டில் இருக்கக் கூடாதவை

இப்போதெல்லாம் மனுஷனுக்கு மனுஷன் பக்கத்தில் வந்தாலே பயம். ஆஸ்பத்திரியில் இருந்து வரும் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சக் கூடாதாம். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, திருடன் மாதிரி எட்ட நின்று பார்க்க வேண்டுமாம்.

வேன் எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்குக் கீழே ரோட்டில் வந்து நின்றது.

நான் பையைத் தோளில் போட்டுக்கொண்டு மலையில் இருந்து பீலி வழியாகக் கொட்டும் தண்ணீருக்கு அந்தப் பக்கம் நின்றேன். ரிவர்ஸ்டன் மலைக் காற்று வேன் பக்கம் இருந்து என் முகத்துக்கு அடித்தது. சரி, அங்கேயே நிற்கலாம்.

முதலில் இறங்கியது என் மகள் மரிய கொறற்றி. வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டு இறங்கினாள். அவளுடைய ஈரலில் ஒரு துண்டை வெட்டி, அவள் மகள் ஜெனிஸ்டாவுக்கு வைத்து மூன்று மாதம். வைத்த துண்டு பிள்ளைக்குள் வளருமாம். வெட்டின இடத்தில் தாய்க்கும் வளருமாம். அது என்ன முருங்கைக் கொப்பா? நான் நம்பவில்லை.

பிறகு மருமகன் ரொஷான் பிள்ளையை இறக்கிவிட்டான். நாலு வயது. போகும்போது மஞ்சளாக இருந்த கண் இப்போது வெள்ளையாக இருந்தது.

பையைக் கீழே வைக்கப் போய், திரும்பத் தோளுக்கு இழுத்துக்கொண்டேன்.

அந்த ஈரலை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க மருந்து கொடுக்கிறார்களாம். அந்த மருந்து பிள்ளையின் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துவிடுமாம். நமக்கு ஒரு தும்மலோடு போவது அவளைக் கொண்டே போய்விடுமாம்.

அதனால் வீட்டில் எதெது இருக்கக் கூடாது என்று கொறற்றி கொழும்பில் இருந்து போனில் சொன்னாள். கோழி கூடாது. இருந்த ஏழு கோழியையும் பக்கத்துக் காம்பிராவில் குடியிருக்கும் சந்திரகாந்தாவிடம் கொடுத்தேன். புகை கூடாது. அடுப்பைப் பெயர்த்து வெளியே வைத்தேன். சுவரில் பூஞ்சணம் கூடாது. சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு அடித்தேன். சுண்ணாம்பு நெடி ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டு, இரண்டு வாரமாகக் காலிக் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் சாக்கு விரித்துப் படுத்தேன்.

எதையும் நம்பிச் செய்யவில்லை. மகள் சொன்னாள், செய்தேன்.

பையோடு எங்கே கிளம்பிவிட்டீர்கள் அப்பா என்று கொறற்றி கீழே இருந்து கேட்டாள். வில்கமுவவில் வயல் காவலுக்கு ஆள் கேட்கிறார்கள், இந்த பஸ்ஸை விட்டால் நாளைக்குத்தான் என்று கத்திச் சொன்னேன். கத்தியிருக்கக் கூடாது. தொண்டை கரகரத்தது.

"கோழிய குடுத்த கோவம் பெருசுக்கு இன்னும் எறங்கல" என்றாள் சந்திரகாந்தா, லயம் முழுக்கக் கேட்கும்படி.

சிரித்தார்கள். ரொஷான் சிரிக்கவில்லை. என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அந்த நேரம் பார்த்துப் பிள்ளை அப்பன் கையை உதறிவிட்டு என்னிடம் ஓடி வந்தாள். மூக்கில் மாட்டியிருந்த மாஸ்க் தாடைக்கு இறங்கிக் கிடந்தது.

"தாத்தா, தூக்குங்க."

இருபது அடி. பத்து அடி.

வாயைத் திறக்க முடியவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு, அடிக்கப் போகிறவன் மாதிரி கையை ஓங்கினேன்.

நின்றுவிட்டாள். உதடு பிதுங்கியது. கொறற்றி வயிற்றைப் பிடித்தபடியே வந்து பிள்ளையை இழுத்துக்கொண்டாள்.

நான் நடந்தேன்.

வளைவு தாண்டித் தேயிலை மறைத்த பிறகுதான் குந்தினேன். துண்டை வாயில் பொத்தி, அடக்கி வைத்த இருமலை எல்லாம் இருமினேன். துண்டில் இன்றைக்கும் சிவப்பு.

இரண்டு வாரத்துக்கு முன்னால் மாத்தளை கிளினிக்கில் மீசை முளைக்காத ஒரு டாக்டர் காசம் என்றான். ஆறு மாதத்துக்கு மாத்திரையாம். வீட்டில் சின்னப் பிள்ளைகள் உண்டா என்று கேட்டான். இல்லை என்றேன்.

கொறற்றியிடம் சொன்னால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்ப ஓடுவாள். ஓடிப் போக அவளுக்கு வேறு வீடு இல்லை.

அந்த டாக்டர் கொடுத்த மாஸ்க் சட்டைப் பையில் மடிந்து கிடந்தது. அதை எடுத்து மூக்குக்கு மேலே இழுத்து மாட்டிக்கொண்டு பஸ் ரோட்டுக்கு நடந்தேன்.

இது பீடி இருமல். அவனுக்கு என்ன தெரியும்.