மலேசியாவுக்கு ஒரு மின்னஞ்சல்

காரைக்குடிக்கு அப்போதுதான் வந்திருந்த பிரவுசிங் சென்டரில், ஞானசேகர் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மகள் பெனிட்டா.

“அப்பா, இந்த லெட்டர் மலேசியாவுக்குக் கடலுக்கடியிலயா போகும்?”

“ஆமா.”

“நனைஞ்சிராதா?”

“நனையாது.”

“ஏன் நனையாது?”

“ஏன், எதுக்குன்னு உசிர வாங்காத! வாயை மூடிக்கிட்டு அங்குட்டுப் போய் உக்காரு!”

முகம் சுண்டிப்போய் அவள் மூலைக்கு நகர்ந்தாள். அப்பாடா என்று அவர் மிச்சத்தையும் அடித்து முடித்தார்.

சென்டர் நடத்தும் இராமு, அனுப்புவதற்கு முன் ஒருமுறை வாசித்துக் காட்டினார்.

“அன்புள்ள பழைய மாணவர்களே, நம் பள்ளிக்கு மைக்ராஸ்கோப் வாங்க நன்கொடை தாருங்கள். இங்கே பிள்ளைகள் ஏன், எதற்கு என்று கேட்பதே இல்லை. இப்படிக்கு, ஞானசேகர், அறிவியல் ஆசிரியர்.”

“அனுப்பிரவா சார்?”

ஞானசேகர் மூலையைப் பார்த்தார். பெனிட்டா ஏதோ கேட்க வாயெடுத்து, இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.