பன்னிரண்டு மணிச் சங்கு

ஹாலில் அம்மா குணசுந்தரி, மகள் சாந்தினி. ஃபோனில் அப்பா பரஞ்சோதி, குருண் ஊர்த் தொழிற்சாலையில் ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம். மறுபடி குடித்தால் வீட்டில் இடமில்லை என்று அம்மா சொன்னதிலிருந்து அவர் ஞாயிறும் உழைக்கிறார்.

ஒலியின் வேகத்தை அளக்கும் பள்ளிச் சோதனை. பன்னிரண்டு மணித் தொழிற்சாலைச் சங்கு ஃபோனில் கேட்டதும் சாந்தினி ஸ்டாப்வாட்சை அமுக்கினாள். அதே சங்கு ஜன்னல் வழியாகக் கேட்டதும் நிறுத்தினாள். தொழிற்சாலை ஆயிரத்து எழுநூறு மீட்டர் தொலைவு. வந்தது அரை வினாடி.

"ஒலி வேகம் வினாடிக்கு மூவாயிரத்து நானூறு மீட்டர் வருதும்மா. புக்குல முந்நூத்தி நாப்பதுதான்."

"யூனிட்டத் தப்பா போட்டிருப்ப லா," என்றார் அப்பா.

"கிலோமீட்டர், மீட்டர் குழப்பம்னா ஆயிரம் மடங்கு மாறும்பா. இது பத்து மடங்கு."

"புக்கு சரின்னா, அரை வினாடியில சத்தம் எவ்ளோ தூரம் போகும்?" என்றாள் அம்மா.

"நூத்தி எழுபது மீட்டர்."

"அப்பா அவ்ளோ தூரத்துலதான் இருக்காரு. தொழிற்சாலை போற வழியில, காளிதாசன் பீர் கடை. சங்கு அவரைத் தாண்டித்தான் நம்மகிட்ட வருது."

அப்பா ஃபோனைத் துண்டித்தார்.

இரண்டே நிமிடத்தில் பரஞ்சோதி வந்து நின்றார். குணசுந்தரி அவர் துணிமணி அடைத்த பையைக் கையில் கொடுத்து அவரை வெளியே அனுப்பினாள்.

"என் சோதனை என்னம்மா ஆகுறது?"

"அடுத்த ஞாயிறு அவரு நெசமாவே வேலைக்குப் போகட்டும். திரும்ப அளந்துக்க."

அவர் முதுகுக்குப் பின்னால் அம்மா கதவைச் சாத்திப் பூட்டினாள்.