வேறு கை படாத கார்

ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் பானெட்டை ஒரு இழுப்பு இழுத்ததும் பளபளப்பு துணியோடு வந்துவிட்டது.

பாலிஷ்காரர் விளக்கைக் கிட்டத்தில் பிடித்தார்.

கறுப்பு பெயிண்டுக்குள் வட்ட வட்டமாகக் கோடுகள். பானெட் முழுக்க. கதவுகளைத் துடைத்துப் பார்த்தார், அங்கேயும் அதே கதை.

அவருக்கு அலுப்பாக வந்தது. இந்த வாரத்தில் இது ஒன்பதாவது வண்டி. வலது தோள்பட்டை மூன்று நாளாக முரண்டு பிடித்துக்கொண்டிருந்தது. சும்மா கழுவித் துடைத்துச் சாயந்திரத்துக்குள் அனுப்பிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தார். உள்ளே வரும்போது கார் அப்படித்தான் இருந்தது, முகம் பார்க்கலாம் போல.

ஷெட் வாசலில் நாற்காலி போட்டு அண்ணன் உட்கார்ந்திருந்தார். கார் அவருடையது. ஓட்டிக்கொண்டு வந்த அண்ணி, இறக்கிவிட்டுவிட்டு மருந்துக் கடைக்குப் போயிருந்தார்.

அண்ணனுக்குக் கண் நரம்பு கெட்டு ஒரு வருஷம் ஆகிறது. இப்போது வெளிச்சம் எது, நிழல் எது என்பது மட்டும்தான் பிடிபடும். இனி இந்தக் கார் எதற்கு என்று விற்க முடிவு செய்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை வாங்குகிறவர் வருகிறார்.

பாலிஷ் போட்டால் கோடு நிஜமாகவே போகுமா, இல்லை மறையத்தான் செய்யுமா என்று ஷெட்டுக்கு வருகிற எல்லாரும் கேட்பார்கள். பாலிஷ்காரர் சலிக்காமல் சொல்வார். எண்ணெயும் மெழுகும் கலந்த பாலிஷ் கோட்டின் பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொண்டு கண்ணை ஏமாற்றும். நாலு தடவை கழுவினால் கோடு மறுபடி எட்டிப் பார்க்கும். போக வேண்டும் என்றால் மேல் பூச்சையே மெஷினால் மயிரிழை அளவு சீவ வேண்டும். அப்படிப் போனால் போனதுதான்.

மறைக்கிற பாட்டிலை அவர் ஷெட்டுக்குள்ளேயே விடமாட்டார். அதைப் பூசிக் காசு வாங்குகிறவர்களுக்கு அவர் வைத்திருந்த பெயர் மேக்கப்மேன்.

இந்தக் காரிலும் ஒரு மேக்கப்மேன் விளையாடியிருக்கிறான். துணி போட்ட கோடுகள் இல்லை இவை. மெஷினைச் சாய்த்துப் பிடித்து, அழுத்தக் கூடாத இடத்தில் அழுத்தி, எவனோ கற்றுக்குட்டி ஓட்டியிருக்கிறான். அதன்மேல் எண்ணெய்ப் பாலிஷைத் தடவி மூடியிருக்கிறான்.

தன்னிடம் கொண்டுவராமல் எவனிடமோ போயிருக்கிறாரே என்பதுதான் அவருக்கு உறுத்தியது.

“யார்கிட்டண்ணே குடுத்தீங்க இதை?”

குரல் வந்த பக்கம் அண்ணன் முகத்தைத் திருப்பினார்.

“யார்கிட்டயும் குடுக்கலப்பா. உன் மெஷினைத் தவிர வேற எந்த மெஷினும் இதுமேல பட்டதில்ல.”

பாலிஷ்காரர் விளக்கைக் கீழே வைத்தார்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், பார்த்துக்கொண்டிருந்த வேலை போய், யாரோ கழித்துக் கட்டிய மெஷின் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு நின்றபோது, அவரை நம்பி வண்டி கொடுக்க ஆளில்லை. அண்ணன்தான் வாங்கி நாலு மாசமே ஆன காரைக் கொண்டுவந்து நிறுத்திச் சாவியைக் கையில் திணித்தார். அன்றைக்கு முழுக்க மழை மூட்டம். அந்த மங்கல் வெளிச்சத்தில் வேலை பிரமாதமாகத் தெரிந்தது.

மறுநாள் வெயிலில் அண்ணன் பார்த்திருப்பார்.

பார்த்தவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தன் ஆபீஸ்காரர்கள், மாமனார் வீட்டார், பக்கத்து வீட்டார் என்று ஒருத்தர் விடாமல் காரைக் காட்டி, தம்பி கைவேலை என்று பீற்றிக்கொண்டார். ஆரம்பத்தில் ஷெட்டுக்கு வந்த வண்டிகள் அத்தனையும் அதைப் பார்த்து வந்தவைதான்.

தொழில் பிடிபட்ட பிறகு பாலிஷ்காரர் எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறார், கொண்டு வாங்கண்ணே, புதுசாப் போட்டுத் தர்றேன் என்று. நீ போட்டதே அப்படியேதான் இருக்கு, வர்ற வண்டியைக் கவனி என்று அண்ணன் தட்டிக் கழித்துவிடுவார். வீட்டுக்குப் போகும்போதெல்லாம் கார் மின்னத்தான் செய்தது. தொழில் கற்கும் முன்பே தன் கையில் ஏதோ இருந்திருக்கிறது என்று பாலிஷ்காரருக்கு உள்ளூரக் கொஞ்சம் கர்வம்கூட.

இப்போது அவர் தோளை ஒரு தடவை சுழற்றிக்கொண்டார். எண்ணெயைத் தடவி மூடினால் அரை மணி நேரம். வாங்குகிறவருக்கும் தெரியாது, அண்ணனுக்கும் தெரியப் போவதில்லை. நிஜமாக எடுப்பதென்றால் இரண்டு முழு நாள்.

மெஷினைப் பிளக்கில் சொருகினார். ரப்பர் விளிம்புகளுக்கெல்லாம் டேப் ஒட்டிக்கொண்டே பின்பக்கம் வந்து டிக்கியைத் திறந்தார்.

ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் ஒரு பழைய துண்டு, அதில் சுற்றி இரண்டு பாட்டில்கள். ஒன்று கண்ணாடி துடைக்கிற தண்ணீர். இன்னொன்று எண்ணெய்ப் பாலிஷ், முக்கால்வாசி காலி. இரண்டும் ஒரே உயரம், ஒரே பருமன்.

பாலிஷ் பாட்டிலின் கழுத்தில் மட்டும் இரண்டு ரப்பர் பேண்ட் இறுக்கிச் சுற்றியிருந்தது. பாட்டிலின் வாய் இன்னும் ஈரமாக இருந்தது.

பாலிஷ்காரர் கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் தடவிப் பார்த்தார்.

எது எதென்று உடனே தெரிந்தது.